பாமினி மாற்றிக்குப் பவுண்டி வைக்கலாமோ?

வடலி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில தட்டின கோப்புகளை யூனிகோடுக்கு மாத்துற எங்கட கருவியை இஞ்ச கன பேர் பாவிக்கிறியள். திறந்த மூலம் (மூலநிரலை ஆரும் பாக்கலாம், திருத்தலாம்), இலவசம். இப்ப அதைப் பராமரிக்கிறது மூண்டு பேர், மூண்டு பேருக்கும் பகலில வேற வேலை. மூலநிரல் வைச்சிருக்கிற கிட்ஹப் தளத்தில வழு அறிக்கையள் குவிஞ்சு கிடக்கு. சிலதுக்கு ஒரு பதிலும் போகேல்லை.

ரொறன்ரோவில இருக்கிற ஒரு அண்ணை 1000 கனேடிய டொலர் தாறன் எண்டு எழுதியிருக்கிறார். ஒவ்வொரு வழுவுக்கும் ஒரு தொகை போடுங்கோ, ஆர் முதல் திருத்தித் தருகினமோ அவைக்குக் குடுங்கோ எண்டு சொல்லுறார். இதைத்தான் பவுண்டி எண்டுறது. நல்ல மனசோட வாற காசு. எங்களுக்குள்ள ஒராள் ஓம் எண்டுறார், மற்றாள் வேண்டவே வேண்டாம் எண்டுறார், நான் இன்னும் முடிவெடுக்கேல்லை. அண்ணையையும் இந்த இழைக்கு வரச் சொல்லியிருக்கிறன். பவுண்டி வைச்ச ஆக்கள், வாங்கின ஆக்கள் இருந்தால் தயவுசெய்து விவரமாச் சொல்லுங்கோ. இஞ்ச கதைக்கிறதைப் பாத்துத்தான் முடிவெடுக்கப் போறம்.

பூவரசு

வையுங்கோ. காசு வந்தால் திறந்த மூலம் கெட்டுப் போகும் எண்டு பயப்படத் தேவையில்லை. கணினி விஞ்ஞானி டொனால்ட் க்னூத் தன்ர புத்தகங்களில பிழை பிடிக்கிற ஆக்களுக்கு 2.56 டொலருக்குக் காசோலை அனுப்பினவர். அவற்ற டெக் எண்ட அச்சுக்கோர்ப்பு மென்பொருளில வழு கண்டால் அந்தத் தொகை வருசத்துக்கு வருசம் இரட்டிச்சு 327.68 டொலர் வரைக்கும் ஏறினது. ப்ளெண்டர் எண்ட முப்பரிமாண வரைகலை மென்பொருள் 2002இல எப்பிடித் திறந்த மூலமா வந்தது? ஒரு லட்சம் யூரோ சேர்ந்தால் மூலநிரலைத் திறந்து விடலாம் எண்டு அறிவிச்சினம், ஏழு கிழமையில சனம் சேர்த்துக் குடுத்துது.

ஆயிரம் டொலர் எண்டால் எங்கட காசில இரண்டு லட்சத்துக்கு மேல. வேண்டாம் எண்டு சொல்ல ஒரு காரணமும் எனக்குத் தெரியேல்லை.

மாதகல்காற்று

பூவரசு, நீங்கள் சொன்ன இரண்டு கதையும் உண்மை. ஆனால் இரண்டும் வடலி கேக்கிற விசயத்துக்குப் பொருந்தாது. க்னூத்தின்ர காசோலையை வங்கியில போட்டு மாத்தினவை குறைவு, சட்டம் போட்டுச் சுவரில கொழுவினவைதான் கூட. ப்ளெண்டரில காசு போனது மூலநிரலின்ர உரிமையை மீட்க. ஆரும் ஒராளின்ர வேலைக்குக் கூலியாப் போகேல்லை.

பொருந்துற கதை, தொண்டர்கள் செய்யிற டெபியன் எண்ட லினக்ஸ் இயங்குதளத்தில நடந்தது. 2006இல டெபியனின்ர அடுத்த பதிப்பு டிசம்பர் 4ஆம் திகதி வரவேணும் எண்டு திட்டம். அதைக் கெதியாக்க, அப்ப தலைவரா இருந்த அந்தோனி டவுன்ஸும் சிலரும் வெளியில காசு சேர்த்து, வெளியீட்டு முகாமையாளர் இரண்டு பேரை ஆளுக்கு ஒரு மாதம் முழுநேரமா வேலை செய்ய வைக்க வெளிக்கிட்டினம். அந்த இரண்டு பேரின்ர திறமையை ஒருத்தரும் குறை சொல்லேல்லை. ஆனால் வருசக்கணக்காச் சம்பளமில்லாமல் செய்து வந்த மற்ற ஆக்களில சிலர், 'அப்ப எங்கட வேலைக்கு என்ன பெறுமதி?' எண்ட கேள்வியோட தங்கட வேலையைக் குறைச்சுப் போட்டினம். அதை வெளிப்படையாவே அறிவிச்சினம். பதிப்பு வந்தது 2007 ஏப்ரல் 8. தாமதத்துக்கு அது ஒண்டுதான் காரணம் எண்டு நான் சொல்ல மாட்டன். ஆனால் காசு கொண்டு வந்த வேகத்தை அந்தக் காசு கிளப்பின மனஸ்தாபம் தின்று போட்டுது எண்டு நம்புறன்.

கோயில் தேருக்கு முன்னம் வீதி துப்பரவாக்கச் சிரமதானத்துக்கு இருபது பேர் வருகினம் எண்டு வையுங்கோ. அதில இரண்டு பேருக்கு மட்டும் நாள்கூலி குடுத்தால் அடுத்த வருசம் எத்தினை பேர் மண்வெட்டியோட வருவினம்?

இன்னொண்டையும் மறக்கக் கூடாது. 2020 ஒக்டோபரில டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் திறந்த மூலப் பங்களிப்பைக் கூட்ட நடத்தின ஹக்டோபர்ஃபெஸ்டில பரிசு ஒரு ரீசேட். நாலு புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பிற கோரிக்கை) போட்டால் கிடைக்கும். ஆயிரக்கணக்கில குப்பை வந்து குவிஞ்சுது. ரீட்மி எண்ட அறிமுகக் கோப்பில ஒரு சொல்லைச் சேர்த்துப் போட்டு அதுதான் பங்களிப்பு எண்டிச்சினம். அதை எல்லாம் திறந்து பாத்து மூடினது சம்பளமில்லாத பராமரிப்பாளர்கள். நிகழ்ச்சி நடக்கேக்கையே, சம்மதிச்ச திட்டங்களுக்கு மட்டும்தான் இனிப் போடலாம் எண்டு விதியை மாத்த வேண்டி வந்துது. ஒரு ரீசேட்டுக்கே அப்பிடியெண்டால் காசுக்கு?

கிளிநொச்சிக்கம்பஸ்

அண்ணை, உங்களில மரியாதை வைச்சுக்கொண்டுதான் எழுதுறன். சிரமதானத்துக்கு வாறவை பின்னேரம் வீட்டை போய்ச் சாப்பிடுவினம். எங்கட பிரச்சினை அந்தச் சாப்பாடு.

2022இல டொலர் 200 ரூபாயில இருந்து 360 தாண்டினதை எல்லாரும் பாத்தனாங்கள். மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினவை. அந்த நேரம் திறந்த மூலத்துக்கு ஆரால கோட் எழுத ஏலுமா இருந்தது? இன்வேட்டர் இருந்த வீட்டுப் பெடியளால. என்னோட படிச்சதில நல்லா எழுதக் கூடின ஒரு பிள்ளை, ரியூசன் குடுத்துத்தான் வீட்டைப் பாத்தவ. ஞாயிற்றுக்கிழமையும் அவவுக்கு வகுப்பு. 'ஆர்வம் இருந்தால் நேரம் வரும்' எண்டு அவவுக்கு ஆர் சொல்லுறது? சும்மா செய்யச் சொல்லுறது எல்லாருக்கும் ஒரே மாதிரி வந்து விழாது. வசதி இருக்கிற ஆக்களைத்தான் அது உள்ளுக்கு விடும்.

காசு குடுத்துப் பிள்ளையளைத் திறந்த மூலத்துக்குள்ள கொண்டு வரலாம் எண்டதுக்கு எங்கட நாடே சாட்சி. மாணவர் திறந்த மூலத் திட்டங்களில வேலை செய்யக் கூகுள் உதவித்தொகை குடுக்கிற சம்மர் ஒஃப் கோட் 2005இல தொடங்கினது. முதல் பத்து வருசத்தில உலகத்திலேயே கூட மாணவரை அனுப்பின பல்கலைக்கழகம் மொறட்டுவ. அவையில கன பேர் முதல் தரம் ஒரு பெரிய திட்டத்தின்ர மூலநிரலைத் தொட்டது அந்த உதவித்தொகையாலதான்.

மாதகல்காற்று

தம்பி, நீர் சொல்லுறதில எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் ஒண்டைக் கவனியும். சம்மர் ஒஃப் கோட் பவுண்டி இல்லை. ஆளைத் தெரிஞ்செடுத்து, வழிகாட்ட ஒருத்தரைப் பக்கத்தில வைச்சு, மாதக்கணக்கா வேலை செய்ய விட்டு, கட்டம் கட்டமாக் காசு குடுக்கிற முறை. வழிகாட்டுற அமைப்புக்கும் அதில ஒரு சின்னத் தொகை போகுது. பவுண்டியில முதல் ஓடி வாறவருக்குத்தான் காசு. இரண்டாவதா வாற பிள்ளை இரவிரவா முழிச்சிருந்தும் வெறுங்கையோட போகும். உம்மட சிநேகிதி மாதிரி நேரமில்லாத ஆக்கள்தான் அந்த ஓட்டத்தில எப்பவும் இரண்டாவது.

ரொறன்ரோவாசி

எல்லாருக்கும் வணக்கம். அந்தக் காசைத் தாறன் எண்டது நான்தான். என்னால கோட் எழுத ஏலாது, கணக்காளர் வேலை. ஏன் பவுண்டி எண்டு கேட்டனான் எண்டு சொல்லுறன்.

பழைய மாணவர் சங்கத்துக்குக் காசு சேர்த்துப் பழகின ஆக்கள் நாங்கள். வகுப்பறை கட்டினால் படம் வரும், காசு தந்த ஆக்களுக்கு அனுப்பலாம். மென்பொருளில நான் என்னத்தைக் காட்டிறது? இந்த ஆயிரத்தில பாதி என்ர காசு, மிச்சம் வேலையிடத்து நண்பர்களும் மைத்துனரும் தந்தது. 'உங்கட நூறு டொலரால இந்த வழு தீர்ந்தது' எண்டு அவைக்குச் சொல்ல ஏலுமெண்டால் அடுத்த வருசமும் தருவினம். அதுக்காகத்தான் கேட்டனான். ஆரையும் ஓட்டப்போட்டியில விடுறது என்ர எண்ணமில்லை.

இன்னொரு கேள்வி. இதுக்கெண்டு இணையத்தளங்கள் இருக்காமே? அதில காசைப் போட்டு வைக்கலாமோ?

ஆடிக்கூழ்

அண்ணை, தளங்களில போட முன்னம் காசு இஞ்ச எப்பிடி வந்து சேரும் எண்டதைப் பாருங்கோ. பேபாலில இலங்கையில இருந்து காசு அனுப்பலாம், வாங்க ஏலாது. அதாலதான் இஞ்ச ஃப்ரீலான்ஸ் செய்யிற பெடியள் பேயோனியர் எண்ட பணப்பரிமாற்றச் சேவையில கணக்கு வைச்சிருக்கினம். 20, 30 டொலர்ப் பவுண்டி எண்டால் கட்டணம், மாற்று விலை எல்லாம் போய்க் கையில வாறது கொஞ்சம். ஒரே தரமா வங்கிக்கு அனுப்பி இஞ்ச ரூபாயாப் பிரிக்கிறதுதான் லாபம்.

மாதகல்காற்று

ரொறன்ரோவாசி அண்ணை, தளங்களைப் பற்றிக் கேட்டதால பவுண்டிசோர்ஸ் கதையைச் சொல்ல வேணும். இந்த விசயத்தில நீண்ட காலம் பேர் பெற்ற தளம் அதுதான். 2017இல கைமாறிச்சுது. 2020இல விதியை மாத்தி, இரண்டு வருசம் ஒருத்தரும் கேக்காத பவுண்டிக் காசைத் தாங்களே வைச்சிருப்பம் எண்டு அறிவிச்சினம். பெரிய எதிர்ப்பு வந்து அதைத் திருப்பி எடுத்தினம். பேந்து 2023இல, வேலையை முடிச்சுக் குடுத்த ஆக்களுக்கே காசு போய்ச் சேராமல் நிண்டுது. உங்கட நண்பர்களின்ர காசை அப்பிடி ஒரு இடத்தில நிறுத்தி வைக்க நான் சொல்ல மாட்டன்.

வடலி

பவுண்டி வைச்சால் எங்கட கருவியில என்ன நடக்கும் எண்டதை ஒரு வழுவை வைச்சே சொல்லுறன். எங்களிட்டை ஆகக் கூடின முறைப்பாடு வாறது இதுக்குத்தான்.

'வெளியீடு' எண்டு இருக்க வேண்டியது 'வௌியீடு' எண்டு வருது. 'வெள்ளம்' 'வௌ்ளம்' ஆகுது. இது எங்கட கருவியில மட்டுமில்லை, செய்தித்தளங்களிலயும் அரசாங்கத் தளங்களிலயும் பாத்திருப்பியள். பாமினியில ளகரத்துக்கும் ஔகாரத்தின்ர பின்பாதிக்கும் ஒரே விசை, ஒரே வடிவம். தட்டினவருக்குக் கண்ணால பாக்கச் சரியா இருக்கும். யூனிகோடில அது இரண்டும் வேற வேற. கருவி கொம்பையும் வகரத்தையும் 'ள' வடிவத்தையும் கண்டால் 'வௌ' எண்டு நினைச்சு ஒண்டாக்கிப் போடும். பிறகு வாற விசிறி (இகரக் குறி) அந்தரத்தில நிக்கும்.

இதுக்கு நாங்கள் 50 டொலர் போட்டால் அண்டைக்கே ஒராள் வருவார். ஔகாரமே வராமல் எல்லாத்தையும் ளகரமா மாத்திற ஒரு வரியை எழுதித் தருவார். வெளியீடு, வெள்ளம், வெளிநாடு எல்லாம் சரியா வரும். கௌரவம், மௌனம், பௌர்ணமி மூண்டும் உடையும், ஆனால் திரையில பாத்தால் உடைஞ்சது தெரியாது. இஷூவில (கிட்ஹப் வழு அறிக்கையில) எழுதினது சரி வந்திட்டுது, அவர் காசைக் கேப்பார், அவரில பிழையும் இல்லை.

சரியான வழி, அடுத்து வாறதைப் பாக்கிறது. பின்னால விசிறியோ குற்றோ (மெய்யெழுத்துப் புள்ளியோ) வேற ஏதும் உயிர்க்குறியோ வந்தால் அது ளகரம்தான். ஒண்டும் வராட்டில் அனேகமா ஔகாரம், ஆனால் அதையும் சொற்பட்டியலோட ஒத்துப் பாக்க வேணும். எழுதுறதுக்கு ஒரு பின்னேரம் காணும். அது பழைய கோப்புகளில வேற ஒண்டையும் உடைக்கேல்லை எண்டு பாக்கிறதுக்குத்தான் நாள் போகுது. அதை இப்ப செய்யிறது நாங்கள் மூண்டு பேர், இரவு பத்து மணிக்குப் பிறகு. பவுண்டி வைச்சால் வந்து சேருற கோட் கூடும், அதைப் பாக்கிற கண் கூடாது. எனக்கு இருக்கிற பயம் இதுதான்.

கற்பகம்

நான் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. கோட் தெரியாது. ஆனால் வடலி சொல்லுற 'வௌி'யோட நான் தினமும் மல்லுக்கட்டுறன், அதால எழுதுறன்.

எங்கட பழைய வினாத்தாள், ஆண்டு மலர், விழா அறிக்கை எல்லாம் பாமினியில. மாத்தின பிறகும் 'வெளிநாடு' எண்டு தேடினால் கிடைக்காது, கோப்புக்குள்ள 'வௌிநாடு' எண்டு கிடக்கு. என்ர வகுப்பில பார்வையில்லாத ஒரு பிள்ளை படிக்குது. என்விடிஏ எண்ட இலவசத் திரைவாசிப்பானைப் பாவிக்குது. பாமினிக் கோப்பைத் திறந்தால் அது ஆங்கில எழுத்துகளை ஒண்டொண்டாச் சொல்லும். பிள்ளைக்கு அது சத்தம்தான், பாடமில்லை. மாத்திக் குடுத்தால் தானே வாசிக்கும். இந்தக் கருவி எவ்வளவு பெரிய வேலை செய்யுது எண்டு உங்களுக்கே முழுக்கத் தெரியுமோ தெரியாது.

பிழையா மாறுற சொற்களை நான் ஒரு கொப்பியில எழுதி வைச்சிருக்கிறன். நானும் இன்னும் இரண்டு ஆசிரியைமாரும் சேர்த்தது. வழு ஒண்டுக்கு இவ்வளவு எண்டு விலை போட்டால் கோட் எழுதின பிள்ளையின்ர பேர் வரும். சொல் பொறுக்கினவை எங்கயும் வர மாட்டினம். எங்களுக்குக் காசு வேண்டாம். ஆனால் பங்களித்தோர் பட்டியலில எங்கட பேரும் இருக்க வேணும் எண்டு ஆசைப்படுறன். அதைப் பாத்தால் இன்னும் பத்து ரீச்சர்மார் வருவினம்.

வடலி

ரீச்சர், அந்தக் கொப்பியைத்தான் நாங்கள் இவ்வளவு காலமும் தேடினது. அதைப் படமெடுத்து அனுப்பினாலே காணும், நாங்கள் தட்டுறம். உங்கட மூண்டு பேரின்ர பேரும் இண்டைக்கே பட்டியலில சேரும்.

பூவரசு

வடலி எழுதினதை வாசிச்ச பிறகு ஒண்டைப் பிரிச்சுச் சொல்ல வேணும் போல இருக்கு. பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கிறதுக்கு வைக்கிற பவுண்டி வேற. இணைய உலாவி செய்த நெட்ஸ்கேப் 1995இலயே தொடங்கினது, ஃபயர்பொக்ஸ் உலாவி செய்யிற மொசில்லா 2004இல 500 டொலர் வைச்சுது. அது கனகாலமா ஓடுது, ஏனெண்டால் ஓட்டை இருக்கோ இல்லையோ எண்டதைச் சோதிச்சுச் சொல்லலாம்.

ஆனால் அதிலயும் இப்ப பிரச்சினை வந்திட்டுது. இணையத்தில தரவு அனுப்பி வாங்கிற கேர்ள் எண்ட திறந்த மூலத் திட்டம் 2019இல இருந்து பவுண்டி நடத்தி ஒரு லட்சம் டொலருக்கு மேல குடுத்தது, உண்மையான ஓட்டையளும் கன பிடிபட்டது. பிறகு செயற்கை நுண்ணறிவால எழுதின பொய் அறிக்கையள் வெள்ளமா வரத் தொடங்கிச்சுது. பாக்க நல்ல ஒழுங்கா இருக்கும், உள்ளுக்கு ஒண்டும் இராது. ஒவ்வொண்டையும் வாசிச்சுத்தான் பொய் எண்டு கண்டுபிடிக்க வேணும். கேர்ளை நடத்திற தானியல் ஸ்டென்பெர்க் 2026 ஜனவரியோட பவுண்டியையே நிறுத்திப் போட்டார். அவ்வளவு பேர் வேலை செய்யிற திட்டத்துக்கே தாங்கேல்லை எண்டால் மூண்டு பேர் என்ன செய்யிறது? பவுண்டி வைக்கிறது எண்டால் மிகச் சின்ன அளவில, சோதனைக் கோப்புகளோட வையுங்கோ. அவ்வளவுதான் இப்ப என்ர கருத்து.

மாதகல்காற்று

பாக்கிற ஆக்களுக்குக் காசு போகாட்டில் என்ன நடக்கும் எண்டதுக்கு உதாரணம், இணையத் தொடர்பை மறைகுறியாக்கிற ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருள். 2014 ஏப்ரலில ஹார்ட்ப்ளீட் ஓட்டை வெளிவரேக்கதான் உலகத்துக்குத் தெரிஞ்சுது, இணையத்தில பாதி நம்பியிருந்த அந்தத் திட்டத்துக்கு வருசத்துக்கு வந்த நன்கொடை 2000 டொலர் அளவு எண்டு. 2024 மார்ச்சில, கோப்புகளைச் சுருக்கிற எக்ஸ்இசட் மென்பொருளின்ர விவகாரம். களைச்சுப் போன ஒரே ஒரு பராமரிப்பாளர். உதவ வந்த மாதிரி ஒராள் வருசக்கணக்கா நல்ல திருத்தங்களை அனுப்பி, அவற்ற நம்பிக்கையைப் பெற்று, களவா உள்ளுக்கு வர ஒரு பின்கதவு வைச்சுப் போட்டார். வழு ஒவ்வொண்டுக்கும் பவுண்டி போட்டிருந்தாலும் இதைத் தடுத்திருக்க ஏலாது. அந்த மனுசனுக்குப் பக்கத்தில இருந்து வாசிக்க இன்னொராள் தேவைப்பட்டது.

கிளிநொச்சிக்கம்பஸ்

அப்ப அந்த இன்னொராளுக்குக் காசைக் குடுங்கோ. என்ர முழு நியாயமும் இதுதான். லீவு வரேக்க ஒரு மாணவரை இரண்டு மாதத்துக்கு எடுங்கோ. கோட் எழுத மட்டும் இல்லை, வாற கோட்டை வாசிக்க, சோதனைக் கோப்பு சேர்க்க, ரீச்சரின்ர கொப்பியைப் பட்டியலாக்க. கம்பஸில எங்களுக்கு எழுதத்தான் படிப்பிக்கினம், மற்றவை எழுதினதை வாசிக்க ஒருத்தரும் படிப்பிக்கிறேல்லை. அதைப் பழகினால் காசு முடிஞ்ச பிறகும் அந்தப் பிள்ளை நிக்கும். சுனாமிக்குப் பிறகு கொழும்பில தொண்டர்கள் தொடங்கின சகானா எண்ட பேரிடர் நிவாரண மென்பொருள் பிறகு வேற நாடுகளின்ர பேரிடருக்கும் போனது. ஆக்கள் நிண்டதாலதான் அது போனது.

ரொறன்ரோவாசி

தம்பி, எனக்கு இது பிடிச்சிருக்கு. என்ர நண்பர்களுக்கு 'இந்தக் காசால ஒரு பிள்ளை இரண்டு மாதம் வேலை செய்தது, இவ்வளவு கோப்பைச் சோதிச்சுது' எண்டு சொல்லலாம். மாதம் ஒரு பக்கத்தில அறிக்கை தாங்கோ, அது காணும். கற்பகம் ரீச்சர் சொன்ன அந்தப் பிள்ளையைப் பற்றியும் அவையிட்டைச் சொல்லுவன், பேர் சொல்லாமல். ஒரே ஒரு ஆசை: ஒரு பவுண்டியாவது வையுங்கோ. எப்பிடி வருது எண்டு பாப்பம்.

வடலி

மூண்டு பேரும் கதைச்சம். எங்கட முடிவு இது.

600 டொலர் ஒரு மாணவருக்கோ மாணவிக்கோ, இரண்டு மாதம். வேலை, தம்பி சொன்னது மாதிரி வாசிக்கிறதும் சோதிக்கிறதும். ரியூசன் குடுக்கிற பிள்ளையளுக்கும் ஏலக்கூடிய மாதிரி நேரத்தை அவையே தீர்மானிக்கலாம். 250 டொலர் அவரோட இருந்து வழிகாட்டுற பராமரிப்பாளருக்கு. மாதகல் அண்ணை டெபியன் கதையில சொன்ன மனஸ்தாபம் வரக் கூடாது எண்டு, ஒரு மாதம் ஒராள், அடுத்த மாதம் மற்றாள் எண்டு மாறி மாறிச் செய்வம்.

மிச்சம் 150 டொலருக்கு ஒரு பவுண்டி. வேர்ட் கோப்புக்குள்ள தமிழ் பாமினியிலயும் ஆங்கிலம் வேற எழுத்துருவிலயும் கலந்து கிடக்கேக்க, எழுத்துருப் பேரைப் பாத்துப் பாமினிப் பகுதியை மட்டும் மாத்த வேணும். இப்ப ஆங்கிலத்தையும் சேர்த்து மாத்தி அலங்கோலமாக்குது. இதுக்கு எல்லை தெளிவு: நாங்கள் முதலே போடுற சோதனைக் கோப்புகள் எல்லாம் சரி வந்தால் முடிஞ்சுது. ஓட்டப்போட்டி வேண்டாம். செய்ய விரும்புறவர் இஷூவில எழுதினால் மூண்டு கிழமைக்கு அது அவருக்கு மட்டும். முடிக்காட்டில் அடுத்தவருக்குப் போகும்.

'வௌி' வழுவுக்குப் பவுண்டி இல்லை. அதை ரீச்சரின்ர கொப்பியோட நாங்களே செய்யிறம்.

ஆடிக்கூழ்

எல்லாம் நல்லது, ஒண்டு மட்டும் சரியில்லை. காசை வைச்சிருக்கிறதும் பராமரிப்பாளர், 250 வாங்கிறதும் பராமரிப்பாளர். உங்கள் மூண்டு பேரையும் எனக்குத் தெரியும், நம்பிக்கைக் குறைவில சொல்லேல்லை. ஆனால் அடுத்த வருசம் ரொறன்ரோவில புது ஆக்கள் காசு தரேக்க அவைக்கு உங்களைத் தெரியாது. வேலை முடிஞ்சுது எண்டு ஒப்பமிடுறது மூண்டு பேரில்லாத ஒருவரா இருக்க வேணும்.

வடலி

சரியான கதை. கற்பகம் ரீச்சர், நீங்கள் ஒப்பமிடுவியளோ? கோட் பாக்கத் தேவையில்லை. உங்கட பழைய வினாத்தாளுகளைப் போட்டு மாத்திப் பாத்து, சரி எண்டால் சரி எண்டு எழுதினால் காணும்.

கற்பகம்

செய்யிறன். ஆனால் பிழை இருந்தால் பிழை எண்டுதான் எழுதுவன், பிறகு கோவிக்கக் கூடாது. தவணைப் பரீட்சைத் தாள் திருத்தி முடியட்டும், அடுத்த கிழமையில இருந்து அனுப்புங்கோ.